ஐந்து கட்டு அருகம்புல்

முயல் கூண்டுக்கு முன்னால் வள்ளித்தாய் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு ஈர்க்குச்சி. கூண்டுக்குக் கீழே சிந்திக் கிடந்த புழுக்கைகளை அந்தக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஞானசுந்தரி அதைப் பார்த்தாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் வள்ளித்தாய் உஷாராகிவிடுவாள். சட்னி கூழாகிப் போனாலும் போகட்டும் என்று ஓடவிட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் பின்வாசலுக்கு வந்தாள்.

"என்ன வள்ளி தேடுற?"

வள்ளித்தாய் திடுக்கிடவில்லை. அதுவே ஞானசுந்தரிக்கு ஒரு மாதிரி இருந்தது. தப்பு செய்யாதவள் என்றால் கொஞ்சமாவது திடுக்கிட வேண்டாமா?

"ஒண்ணுந் தேடலம்மா. புழுக்கை சிறுத்துப்போச்சு. முந்தாநாளு கடலை தண்டி இருந்துச்சு, இன்னைக்கு மொளகு கணக்கா இருக்கு. குட்டிக்கு வயிறு சரியில்லையோன்னு பாக்கேன்."

"அதெல்லாம் பிரீத்திகா பாத்துக்கிருவா. நீ பாத்திரத்தப் பாரு."

"சரிம்மா." எழுந்தவள் தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுப் புல்லை எடுத்தாள். வாழைநாரால் கட்டிய அருகம்புல். "இன்னைக்கும் கொண்டாந்திருக்கேன். நானே கூண்டுல போட்டுறட்டா?"

"வேண்டாம் வேண்டாம். என்கிட்ட குடு. நான் போட்டுக்கிறேன்."

இந்த ஐந்து நாளாக இருவருக்கும் இடையில் மாறாத பேச்சு இது. வள்ளித்தாய் குடுப்பாள். ஞானசுந்தரி சிரித்த முகமாக வாங்கிக்கொள்வாள். அவள் வேலை முடித்துத் தெருமுனை திரும்பியதும், கட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து, சந்தில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். 'கொண்டுவராதே' என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவள் மனசு நோகுமே என்றெல்லாம் இல்லை. சொன்னால், ஏன் என்று கேட்பாள். அதற்குத்தான்.

ஏன் என்றால், வள்ளித்தாயின் நகக்கண்.

வள்ளித்தாய்க்கு ஊர் தாயில்பட்டி. இருபது வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஆய்வு நடக்கிறது என்று கம்பெனியை அடைத்துப் போட்டதும், இரண்டு வாரமாகத்தான் காலை பஸ் பிடித்துச் சிவகாசிக்கு வந்து இந்தத் தெருவில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். மகள் ரோஜா சாத்தூரில் நர்சிங் படிக்கிறாள். கம்பெனி திறக்கும்வரை இந்த மூன்று வீடுதான் அந்த வீட்டு அடுப்பு. எத்தனை பாத்திரம் தேய்த்தும், அவள் நகக்கண்ணில் ஊறியிருந்த பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி மட்டும் போகவில்லை. வெயிலில் கை நீட்டினால் மினுங்கும்.

அந்தக் கையால் அறுத்த புல்லை, ஒரு பூப்போல இருக்கிற முயல் குட்டிக்கு எப்படிக் கொடுப்பது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது ஞானசுந்தரி இல்லை. பக்கத்து வீட்டு அழகுமீனா. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சுந்தரி, உங்க வீட்டுக்கு வர்றவ பட்டாசு ஆளா?"

"ஆமா. தாயில்பட்டிக்காரி."

"எந்தத் தெருன்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுமா உள்ள விட்ட?"

"வேலை சுத்தமா இருக்கு மீனா."

"வேலை சுத்தமாத்தான் இருக்கும். கை சுத்தமா இருக்கான்னு பாரு. எங்க வீட்டுலயும்தான் செய்றா. நான் அடுப்படி வாசலத் தாண்ட விடலையே." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்தாள். "அதுக வீட்டுல ஆடு இருக்குமாம். நீ முயலுக்கு வாங்கி வைக்கிற கேரட்டு, கோஸெல்லாம் எங்க போகுதுன்னு ஒரு கண்ணு வச்சுக்கோ."

அன்றைக்கே ஞானசுந்தரி பிரிட்ஜைத் திறந்தாள். காலையில் நாலு கேரட் இருந்தது, இப்போது மூன்று. புருஷனிடம் சொன்னாள். மணிகண்டராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அது நான் தின்னேன்," என்றான்.

"நீங்க என்னைக்குக் கேரட்டு தின்னீங்க?"

"சுகர் இருக்கு, பச்சக் காய் தின்னுங்கன்னு நீதான சொன்ன."

வள்ளியைக் காப்பாற்றத்தான் இவர் பொய் சொல்கிறார் என்று ஞானசுந்தரிக்குத் தோன்றியது. சந்தேகம் ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால், கட்டின புருஷன் தின்ற கேரட்டுக்குக்கூடச் சாட்சி கேட்கும்.

முயல் வந்தது போன ஞாயிற்றுக்கிழமை. மகள் பிரீத்திகாவுக்குப் பத்தாவது பிறந்தநாள். சாத்தூர் பைபாஸில் கூண்டு வைத்து விற்கிறவனிடம் வாங்கிவந்த, இரண்டு மாதத்து வெள்ளைக் குட்டி. "என்ன குடுக்கணும்ணே?" என்று பிரீத்திகா கேட்டதற்கு, "எதக் குடுத்தாலும் திங்கும் பாப்பா," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டான். பட்டாசு ஊரில் வளரப்போகிற குட்டிக்கு மத்தாப்பு என்று பேர் வைத்தார்கள்.

மணிகண்டராஜுக்குக் காலண்டர் அச்சகம். ஆவணி மாதம், ஆர்டர் குவிகிற சீசன். கட்டிங் மிஷினில் விழுகிற ஓரத் துண்டுகளை ஒரு மூட்டை கட்டிக்கொண்டுவந்து கூண்டில் பரப்பினான். சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுருள் சுருளாக, மெத்தைபோல இருந்தது.

"வைக்கோலெல்லாம் எதுக்கு? நம்ம வீட்டு முயலு நம்ம கம்பெனிப் பேப்பர்லதான் படுக்கணும்," என்றான். ஊருக்கெல்லாம் சாமி படம் அச்சடிக்கிறவனுக்கு அப்படி ஒரு பெருமை.

மத்தாப்புக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. காலையில் கேரட். மத்தியானம் முட்டைக்கோஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிரீத்திகா பிஸ்கட் கொடுப்பாள். 'குட்டிதான, அம்மா பால் கிடைக்காதே' என்று பாலில் நனைத்த பிரெட். சாயங்காலம் மணிகண்டராஜ் காப்பியோடு காராச்சேவு கொறிக்கும்போது அதற்கும் ஒன்று. அதுவும் மீசையை ஆட்டி ஆட்டி வாங்கித் தின்றது. எல்லோரும் ரசித்தார்கள். புல்லைத் தவிர எல்லாம் அந்தக் கூண்டுக்குள் போனது.

ஐந்தாவது கட்டைக் குப்பைத் தொட்டியில் போட்ட அந்தச் சனிக்கிழமை மத்தியானம், ஞானசுந்தரி ஒரு காட்சியைப் பார்த்தாள். மத்தாப்பு குனிந்து, தன் பின்பக்கத்திலிருந்தே எதையோ எடுத்துத் தின்றது. கிட்டப் போய்ப் பார்த்தாள். புழுக்கைதான். திராட்சைக் கொத்துபோல மெத்தென்று இருந்த புழுக்கை.

உடனே அழகுமீனாவுக்குப் போன் போட்டாள்.

"மீனா, முயலு தான் போட்டதத் தானே திங்குது."

"பசிதான். வேற என்ன? நீ வைக்கிறத யாரோ எடுத்துட்டுப் போறாங்க."

"வாசல்ல கேமரா இருக்கே. பாத்துட்டேன். அவ பையில ஒண்ணும் கொண்டுபோகலையே."

"அப்ப புத்தி பேதலிச்சிருச்சு. அதுக்குக் காரணம் என்னவா இருக்கும்னு நீயே யோசி."

யோசித்தாள். யோசித்துக்கொண்டே கூண்டைக் கழுவப் போனவள், சாயங்கால வெயிலில் அதைக் கண்டாள். கீழே கிடந்த புழுக்கைகளில் ஒன்று மினுங்கியது. இன்னொன்றும் மினுங்கியது.

நகக்கண் மினுங்குவதுபோலவே.

'காலையில அதத்தான் தேடியிருக்கா. குச்சிய வச்சுத் தள்ளித் தள்ளி, தடயம் ஏதும் இருக்கான்னு பாத்திருக்கா.'

நாலு புழுக்கையைப் பொறுக்கி, ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி, சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

மறுநாள் காலையில் மத்தாப்பு கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேரட்டை முகத்துக்கு நேரே நீட்டியும் திரும்பவில்லை. வயிறு பந்துபோல இருந்தது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கீழே ஒரு புழுக்கைகூட இல்லை.

பிரீத்திகா அழ ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து வள்ளித்தாய் உள்ளே வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கூண்டுக்குள் கைவிட்டுக் குட்டியின் காதைத் தொட்டாள்.

"காது சில்லுன்னு இருக்கும்மா. நிக்காதீக. டாக்டருகிட்ட தூக்குங்க."

"தூக்கத்தான் போறோம்," என்றாள் ஞானசுந்தரி. "நீயும் வா."

"நான் எதுக்கும்மா? அழகுமீனாக்கா வீட்டுல பாத்திரம் கெடக்கு."

"வா. டாக்டர் ஏதாவது கேட்டா நீ சொல்லணும்ல."

கார் விருதுநகர் ரோட்டில் போனது. முன்சீட்டிலிருந்து ஞானசுந்தரி கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, வள்ளித்தாய் குட்டியைத் தன் முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். தொடாதே என்று சொல்ல வாயெடுத்தாள். பிரீத்திகா அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் சொல்ல முடியவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டாள். டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்படியே பஸ் ஏற்றிவிடவேண்டியதுதான். இந்தத் தெருவில் ஒரு வீடு சொன்னால் மற்ற வீடுகளும் கதவைச் சாத்தும். சொல்லாமல் விடுவதும் தப்பு. நாளைக்குக் குழந்தை குட்டி இருக்கிற வீட்டில் என்ன செய்வாளோ.

கால்நடை டாக்டர் யோகேஸ்வரி கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, மத்தாப்பின் வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார்.

"வயித்துல சத்தமே இல்ல. முயலுக்கு வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா வாயு கட்டிரும். அப்புறம் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்." ஊசி போட்டார். வாயில் சொட்டு மருந்து விட்டார். வென்னீர்ப் பையின்மேல் துணி விரித்துப் படுக்கவைத்து, வயிற்றை மெதுவாக நீவிக்கொண்டே கேட்டார். "என்னென்ன குடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லணும்."

பிரீத்திகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "கேரட். முட்டைக்கோஸ். பிஸ்கட். பால்ல நனைச்ச பிரெட்."

"அப்புறம்?"

மணிகண்டராஜ் தொண்டையைக் கனைத்தான். "ஒரே ஒரு காராச்சேவு."

"ஒண்ணுதானா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு டாக்டர்."

"சாத்தூர்ச் சேவா?"

"ஆமா."

"அது சரி. இது மட்டும் பேசுச்சுன்னா காப்பியும் கேட்டிருக்கும்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஞானசுந்தரி கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அதெல்லாம் இல்ல டாக்டர். காரணம் இதுல இருக்கு. பாருங்க, மினுங்குது. இது பட்டாசு மருந்து. இவ பட்டாசுக் கம்பெனிக்காரி. வேணும்னு செஞ்சாளோ, தெரியாம செஞ்சாளோ, இவ கையிலேர்ந்துதான் போயிருக்கு. இவ நகத்தப் பாருங்க."

எல்லோரும் வள்ளித்தாயின் கையைப் பார்த்தார்கள். அவளும் தன் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் அழுவாள், இல்லை சத்தம் போடுவாள் என்று ஞானசுந்தரி எதிர்பார்த்தாள். அவள் டாக்டரை மட்டும் பார்த்து, "அதப் பிச்சுப் பாத்துச் சொல்லுங்கம்மா. அப்பிடி இருந்தா நானே ஒத்துக்கிருதேன்," என்றாள்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு, புழுக்கைகளைப் போட்டு, இடுக்கியால் பிரித்தார். மினுங்குவதை மட்டும் தனியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். நகத்துணுக்கு அளவில், ஒரு பக்கம் தங்க நிறம். மறுபக்கம் நைந்துபோன காகிதம், அதில் கொஞ்சம் மயில் நீலம்.

"இது பொடி இல்லைங்க. பேப்பர். மேல தகடு ஒட்டுன பேப்பர். முயலுக்கு இது எங்கயிருந்து கிடைச்சுச்சு?"

மணிகண்டராஜ் குனிந்து பார்த்தான். பார்த்தவன் நிமிரவில்லை.

"என்னங்க?" என்றாள் ஞானசுந்தரி.

"இது நம்ம ஃபாயிலு," என்றான் அவன். "முருகன் காலண்டர். ஓரத்துல கோல்டு பார்டர் அடிச்சு, ட்ரிம் பண்ணுன துண்டு. கூண்டுல நாந்தான போட்டேன்."

"பேப்பர ஏன் தின்னுச்சு தெரியுமா?" டாக்டர் நீவுவதை நிறுத்தாமலே பேசினார். "இதுக்கு நார் வேணும். முயலோட வயித்துக்கு நார்தான் இன்ஜின். நாள் பூரா வாய் மென்னுக்கிட்டே இருக்கணும், உள்ள நார் போய்க்கிட்டே இருக்கணும். இருந்தாதான் வயிறு ஓடும், பல்லும் தேயும். தட்டுல பத்து பங்கு வச்சா எட்டுப் பங்கு புல்லு. காஞ்ச புல்லோ, பச்சப் புல்லோ. வளர்ற குட்டிங்கிறதால கொஞ்சம் குதிரைமசால் தழை சேத்துக்கலாம், ஒரு கையளவு முயல் தீவனம். கீரை கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும். கேரட்டு நமக்கு மைசூர்பாகு மாதிரி, விரல் நகத்தளவு போதும். பாலு, பிரெட்டு, பிஸ்கட்டு கூடவே கூடாது. தண்ணி எந்நேரமும் இருக்கணும். நார் கிடைக்காத முயலு கைக்கு எட்டுனத மெல்லும். இதுக்குக் காலண்டர் எட்டியிருக்கு."

"தான் போட்டதத் தானே தின்னுச்சே டாக்டர்," என்றாள் ஞானசுந்தரி. குரல் சுருங்கிவிட்டிருந்தது.

"எல்லா முயலும் திங்கும். அந்த மெத்துப் புழுக்கையில சத்து மிச்சம் இருக்கும். அது நோயும் இல்ல, பசியும் இல்ல. சரி, புல்லு ஒரு நாளுகூடப் போடலையா?"

"போட்டோமே," என்றாள் வள்ளித்தாய். "நாந்தேன் அஞ்சு நாளாக் கொண்டாந்து குடுக்கேன். கண்மாய்க் கரையில அறுத்த அருகம்புல்லு."

டாக்டர் தட்டை மறுபடியும் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இதுல ஒரு புல்லு நாருகூட இல்லையேம்மா. அஞ்சு நாள் புல்லு தின்ன குட்டி இந்த நெலைமைக்கு வராது."

மணிகண்டராஜ் வள்ளித்தாயின் பக்கம் திரும்பினான். "கொண்டுவந்தியா, இல்ல கொண்டுவந்ததாச் சொல்றியா?"

"ஐயா, அம்மா கையிலதேன் குடுத்தேன். தெனமும்." அவள் ஞானசுந்தரியைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை. "சொல்லுங்கம்மா. வாங்கி நீங்கதான போட்டீக?"

கொல்லைச் சந்துப் பக்கம் கேமரா கிடையாது. அந்த ஐந்து நாளும் தொட்டியை மாநகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஞானசுந்தரி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். 'எனக்கு ஞாபகமில்ல' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். புல் கொண்டுவராமலே கொண்டுவந்தேன் என்ற பொய்க்காரியாக வள்ளித்தாய் பஸ் ஏறிவிடுவாள். மூன்று வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். பிரீத்திகாவுக்கு முன்னால் அம்மா அம்மாவாகவே இருக்கலாம்.

பிரீத்திகா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் மத்தாப்பு பல்லைக் கடித்தது. நறநறவென்ற அந்தச் சத்தம் வெளியில் கேட்கிறதா, தன் வாய்க்குள் கேட்கிறதா என்று ஞானசுந்தரிக்குத் தெரியவில்லை.

"அவ குடுத்தா," என்றாள். "நான் போடல."

"பெறகு என்ன செஞ்ச?" என்றான் மணிகண்டராஜ்.

"குப்பைத் தொட்டியில போட்டேன். அஞ்சு கட்டையும். அவ போன பெறகு போட்டேன். போட்டுட்டுக் கை கழுவுனேன்."

யாராவது திட்டியிருந்தால் ஞானசுந்தரிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வள்ளித்தாய்தான் பேசினாள். சத்தமே இல்லாத பேச்சு.

"பிடிக்கலன்னா கொண்டாராதன்னு சொல்லியிருக்கலாமேம்மா. ஆட்டுக்குன்னு அறுக்கிறதுல ஒரு பிடி. எனக்கு என்ன வருத்தம்?" கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். "இந்தப் பவுடரு போகாதும்மா, நகத்துல ஊறிருச்சு. ஆனா ஒண்ணு சொல்லுதேன். இருபது வருசத்துல, கம்பெனியிலேர்ந்து வந்து குளிக்காம எம் பிள்ளையத் தொட்டதில்ல. அது பாலுக்கு அழுகும், நான் தண்ணி ஊத்திக்கிட்டிருப்பேன். ஆட்டுக்குப் புல்லறுக்கிற அருவாளக்கூட தனியாத்தேன் வச்சிருக்கோம். மருந்து என்ன செய்யும்னு உங்களுக்குக் கேள்வி ஞானந்தேன். நாங்க கண்ணால பாத்தவுக. எங்களவிட யாரு பயப்படுவாக?"

அவள் பையிலிருந்து அன்றைய கட்டை எடுத்தாள். வாழைநார் கட்டு அப்படியே இருந்தது. நீட்டப்போனவள், ஞானசுந்தரியின் கை முன்னால் வருவதைப் பார்த்துவிட்டு, டாக்டரின் மேஜைமேல் வைத்தாள்.

"இன்னைக்கு டாக்டரம்மா கையில குடுக்கேன்."

மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வயிறு ஓட ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நாலு பெரிய மனுஷர்களும் ஒரு குழந்தையும் ஒரு முயலின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிகண்டராஜுக்கு அச்சகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

இரண்டு மணி சுமாருக்குப் பிரீத்திகா மெதுவாகச் சொன்னாள். "வள்ளியம்மா, ஒண்ணு போட்டிருச்சு."

அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. வள்ளித்தாயைத்தான் கூப்பிட்டாள். ஞானசுந்தரிக்கு அது தைத்தது. தைக்கட்டும் என்று இருந்தாள்.

ஒன்று இரண்டானது. டாக்டர் ஒரு அருகம்புல்லை உருவி மத்தாப்பின் மூக்கருகில் பிடித்தார். மீசை அசைந்தது. நுனியைக் கவ்வியது. பச்சைப் புல் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வாய்க்குள் போவதை எல்லோரும் பார்த்தார்கள்.

தெருமுனையில் காரிலிருந்து இறங்கும்போது ஞானசுந்தரி கேட்டாள். "வள்ளி, நாளைக்கு வருவீல்ல?"

"வாரேம்மா. வேலைக்கு வாரேன். புல்லு கொண்டார மாட்டேன்."

"நான் செஞ்சது தப்புதான். மனசுல வச்சுக்காத."

"மனசுல வச்சுக்கிற கணக்கு இல்லம்மா. நான் கொண்டாந்தா உங்களுக்கு மறுபடியும் ஒரு நெனப்பு வரும். வெளிய சொல்லமாட்டீக, உள்ள வரும். அதுக்கு நீங்க ஒரு நா எங்க ஊருக்கு வாங்க. எங்கன அறுக்கேன், எந்தத் தண்ணியில அலசுதேன்னு உங்க கண்ணால பாருங்க. பாத்துட்டு, உங்க கையால அறுத்துட்டு வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானசுந்தரி பிரீத்திகாவைக் கூட்டிக்கொண்டு போனாள். தாயில்பட்டி அவள் வீட்டிலிருந்து அரைமணி நேர பஸ் பயணம். நாற்பது வயதுக்குள் ஒரு தடவைகூட அவள் அங்கே இறங்கியதில்லை. கம்பெனிகள் இருக்கிற பக்கத்துக்கு எதிர்த்திசையில், ஊரைத் தாண்டிக் கண்மாய். கரைச் சரிவில் கால் வைக்க மெத்தென்று அருகம்புல். வள்ளித்தாய் அருவாளைக் கொடுத்தாள். பிரீத்திகா ஒரு பக்கம் புல்லைப் பொறுக்கினாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏ வள்ளி, இவுக யாருடி? அருவாளக் கரண்டி மாதிரில்ல பிடிக்காக."

"நான் வேலை பாக்குற வீட்டு அம்மா. முயலுக்குப் புல்லறுக்க வந்திருக்காக."

"பெறகு அங்கன உனக்கு என்ன வேலை?"

வள்ளித்தாய் சிரித்தாள். ஞானசுந்தரிக்கும் சிரிப்பு வந்தது. வெயிலில் நாக்கு வறண்டது. வள்ளித்தாய் சொம்புத் தண்ணீரை நீட்டினாள். நீட்டிவிட்டு ஒரு நொடி தயங்கினாள். ஞானசுந்தரி வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்துக் குடித்தாள்.

அப்போது போன் அடித்தது. அழகுமீனா.

"எங்க சுந்தரி, ஆளையே காணோம்?"

"தாயில்பட்டியில இருக்கேன். முயலுக்குப் புல்லறுக்கேன்."

"அங்கயா? அந்த ஊருப் புல்லையா குடுக்கப்போற? நம்ப முடியுமா? அன்னைக்கே சொன்னேன்ல, அவ கையில..."

"நீ சொன்ன. நான் கேட்டேன். உன்மேல தப்பு இல்ல, கேட்டவ மேலதான் தப்பு." ஞானசுந்தரி அருவாளைக் கீழே வைத்தாள். வள்ளித்தாய்க்குக் கேட்கட்டும் என்று குரலைத் தணிக்காமலே பேசினாள். "மீனா, என் முயல வள்ளி கை கொல்லப் பாக்கல. நான் செல்லமாக் குடுத்த பிஸ்கட்டும், எங்க வீட்டுக்காரர் பெருமையாப் போட்ட காலண்டரும்தான் கொல்லப் பாத்துச்சு. அதக் காப்பாத்த இருந்த புல்ல நானே தூக்கிக் குப்பையில போட்டேன். ஏன் போட்டேன்? அது கெட்டதான்னு பாக்கல. குடுத்தது யாருன்னு பாத்தேன். வாயில்லாத ஒரு சீவன வளக்கணும்னா அதுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு வளக்கணும். ஒரு மனுசிய வீட்டுல சேக்கணும்னா, எந்தத் தெரு, எந்த வேலைன்னு பாத்துச் சந்தேகப்படாம சேக்கணும். விசாரிக்காம ஒருத்தர் மேல பழி போடுறோம் பாரு, அதுதான் விஷம். அது அவ நகத்துல இல்ல. நம்ம வீட்டு அடுப்படியில இருந்துச்சு."

ஞானசுந்தரி விரலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"நாளைக்கு அவ உன் வீட்டுக்கு வருவா," என்றாள் ஞானசுந்தரி. "அடுப்படி வாசலத் தாண்டி விடு."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். வள்ளித்தாய் முகத்தை வேறு பக்கம் திருப்பி, அறுத்த புல்லை வாழைநாரில் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"பேசுனது போதும்மா. வெயிலு ஏறுது. அருவாள எடுங்க. இன்னும் ஒரு கட்டுத் தேறல."